டெக்சாஸ்ல இருக்குற அக்காவுக்கு சின்னதா ஒரு கைத்துப்பாக்கி, எது நல்லது? நாமளும் மலேசியாவுல, கேஎல்ல (கோலாலம்பூர்) வாங்கலாமா?

கேஎல் கதைய மொதல்ல முடிச்சிடறேன், ஆசைய விட்டுருங்க. 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கவே கூடாது, துப்பாக்கிக் குத்தத்துக்கு தண்டனைய கூட்டுன 1971 சட்டத்துல மாட்டுனா 14 வருஷம் வரைக்கும் ஜெயிலு, கூடவே கொறஞ்சது 6 ரோத்தான் (பிரம்படி). பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு நல்ல கிரில்லு, பூட்டு, அவ்ளோதான் லா.

அக்கா விஷயம் வேற, டெக்சாஸ்ல 2021லேர்ந்து 21 வயசு ஆன, சட்டத் தடை ஏதும் இல்லாதவங்க பெர்மிட் இல்லாமலே மறைச்சி வச்சிக்கலாம். நான் ஹூஸ்டன் போனப்ப மச்சான் ரேஞ்சுக்கு, அதான் சுட்டுப் பழகுற எடத்துக்கு கூட்டிட்டுப் போனாரு, மறைக்க சுலபமா இருக்குமேன்னு இருக்குறதுலயே குட்டி 9 எம்எம் (குண்டோட அளவு) துப்பாக்கி ஒன்ன எடுத்தேன், சுண்டு விரலுக்குப் புடிக்க எடமே இல்ல, அந்தரத்துல தொங்குது, சுட்டா கையில துள்ளுது, ஸ்லைட (துப்பாக்கி மேல நகர்ற பாகம்) பின்னால இழுக்கறதுக்குள்ள விரலே செவந்திருச்சி. அப்புறம் கிளாக் 19ன்னு அத விட கொஞ்சம் பெரிய துப்பாக்கி குடுத்தாரு, 15 குண்டு புடிக்கிற மெகசின், விரல் எல்லாம் ஒழுங்கா உக்காந்துச்சி, ரெண்டாவது குண்டும் பேப்பர்லயே விழுந்துச்சி. எடை கூடுனா ஒத கொறையும், அதான் காரணம். வீட்டுக்கும் இடுப்புக்கும் ஒன்னே போதும்னா அந்த சைஸ்தான் என் ஓட்டு.

ஆனா அதுல தனியா சேஃப்டி பட்டன் கெடையாது, ட்ரிகர்லயே இருக்கு, அதனால ட்ரிகர முழுசா மூடுற கெட்டியான உறை இல்லாம ஹேண்ட்பேக்ல சும்மா போட்டுடக் கூடாது. புள்ளைங்க இருந்தா பூட்டுற சேஃப் கட்டாயம். இன்னொன்னு, அங்க உள்சுவரு நம்ம தாமான் (குடியிருப்பு) வீடு மாதிரி செங்கல் இல்ல, பெரும்பாலும் ஜிப்சம் போர்டு, குறி தப்புனா குண்டு பக்கத்து ரூமுக்கே போயிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து ரெண்டு மூனு சுட்டுப் பாக்கச் சொல்லுங்க.