வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைத்தண்ணீர்: கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் சென்னையிலிருந்தும் புறநகரிலிருந்தும் வந்த கேள்விகளும், கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் பதில்களும். எல்லாருக்கும் முதலில் ஒன்று. சிமென்ட் வாங்கும் முன், நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தண்ணீர் தெருவிலிருந்து வருகிறதா, மாடியிலிருந்து கொட்டுகிறதா, தரையிலிருந்து ஊறுகிறதா என்று தெரியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண்.

முடிச்சூர் வாசகர்: சார், வீடு கட்டும்போது ரோட்டைவிட இரண்டடி உயரம். தார் மேல் தார் போட்டு இப்போது ரோடுதான் மேலே. தெருத்தண்ணீர் மொத்தமும் உள்ளே வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாமா?

அது கடைசி வழி. முதலில் மட்டம் பாருங்கள். மேஸ்திரியிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயின் ஒரு முனையை ரோட்டின் நடுவிலும் மறுமுனையை வாசற்படியிலும் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை டேப்பால் அளந்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்கு தப்பிவிடும், தட்டித்தட்டி வெளியேற்றுங்கள். இதேபோல் வீட்டின் நான்கு மூலைகளையும் தெரு வடிகாலையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

வித்தியாசம் ஓரடிக்குள் என்றால் கேட்டில் சரிவான மேடு எழுப்பி, காம்பவுண்ட் சுவரில் உள்ள ஓட்டைகளை அடைத்துவிட்டாலே தெருத்தண்ணீர் நின்றுவிடும். ஆனால் உள்ளே விழும் மழைக்கும் அப்புறம் வழி இருக்காது. தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி கட்டி, மிதவை வைத்த சின்ன மோட்டாரால் தெரு வடிகாலுக்கு இறைத்துவிடுங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பதையும் யோசித்து வையுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்ததே, அந்த அளவு வெள்ளத்தை இது தடுக்காது. வருஷா வருஷம் வரும் தெருத்தண்ணீரைத் தடுக்கும். வீட்டைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அஸ்திவாரத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்த பிறகே செய்யுங்கள். அடுத்த முறை ரோடு போட வரும்போது, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லி தெருவே சேர்ந்து கேளுங்கள்.

மேடவாக்கம் வாசகி: அண்ணா, எங்களுடையது களிமண். மூன்றடி அகலம், ஐந்தடி ஆழத்தில் மழைநீர்க் குழி எடுத்து ஜல்லி நிரப்பினோம். ஒரு மழையிலேயே நிரம்பி வழிகிறது.

கணக்கைப் பாருங்கம்மா. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 5 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 4,600 லிட்டர். உங்கள் குழியின் கொள்ளளவு 1,300 லிட்டருக்குள். அதிலும் பாதிக்கு மேல் ஜல்லியே அடைத்துக்கொள்ளும். மண் உறிஞ்சினால் பரவாயில்லை. உறிஞ்சுகிறதா என்று சோதியுங்கள்: வேறோர் இடத்தில் ஓரடிக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த மண்ணில் எத்தனை குழி எடுத்தாலும் பயனில்லை. களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்குவரை உறை (சிமென்ட் வளையம்) இறக்குவதுதான் வழி. மணல் எத்தனை அடியில் இருக்கிறது என்று உங்கள் தெருவில் போர் போட்டவரைக் கேளுங்கள். மாடித்தண்ணீரை வடிகட்டித்தான் உள்ளே விட வேண்டும். முடிந்தவரை அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்க் பக்கமே வேண்டாம்.

திருவான்மியூர் வாசகர்: வீட்டைச் சுற்றி முழுக்க டைல்ஸ் போடப் போகிறோம். எவ்வளவு சரிவு?

முழுக்க வேண்டாம் சார், தயவுசெய்து. உங்கள் மணல் மண் விழுகிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். அது பலருக்குக் கிடைக்காத வரம். சுவரை ஒட்டி மூன்றடிக்கு மட்டும் தளம் போட்டு, அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள். சுவரும் தளமும் சேரும் இடுக்கை நன்றாக அடையுங்கள். மிச்சத்தை மண்ணாக விடுங்கள்.

இன்னொரு வாசகர்: பக்கத்து வீட்டு மாடிக்குழாய் எங்கள் சுவரில் கொட்டுகிறது. சண்டை போடாமல் தீர்க்க முடியுமா?

ஒரு எல்போவும் (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) பத்தடி பிவிசி குழாயும் வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள். செலவு உங்களுடையது என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

மற்றொரு வாசகர்: மழை வந்தால் பாத்ரூம் வழியாகச் சாக்கடை மேலே வருகிறது.

தெருச் சாக்கடை நிரம்பி எதிர்த்து வருகிறது. வீட்டுக்குழாய் வெளியே போகும் இடத்தில் நான்-ரிட்டர்ன் வால்வு (வெளியே மட்டும் விட்டு, திரும்பி வருவதைத் தடுக்கும் வால்வு) போடுங்கள். மழைக்கு முன் திறந்து கழுவுங்கள், குப்பை சிக்கினால் மூடாது. உங்கள் மாடித்தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். தெருவில் பல வீடுகள் அப்படி விடுவதால்தான் மேன்ஹோல் பொங்குகிறது.

பள்ளிக்கரணை வாசகர்: சம்பில் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில்) வெள்ளத்தண்ணீர் கலந்துவிடுகிறது. சுற்றித் தண்ணீர் நிற்கும்போதே காலி செய்து கழுவலாமா?

கூடவே கூடாது. சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது காலியான சம்பை அடியிலிருந்து தண்ணீர் தூக்கும். அடித்தளம் விரிசல் விடும், சில சமயம் தொட்டியே மேலே எழும்பிவிடும். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். வெளியே வடிந்து மண் கொஞ்சம் காய்ந்த பிறகு இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். மழைக்கு முன்பே சம்பு வாயைச் சுற்றி, போன முறை தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஓரடி மேலே வருகிற மாதிரி சின்னச் சுவர் எழுப்பி, இறுக்கமான மூடி போட்டுவிடுங்கள்.