பழுது பார்த்த லோரியில் மறுபடியும் ஆயில் ஒழுகல்: பட்டறை வண்டியைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: பினாங்கு, பிறையில் சொந்தமாக ஒரு பழைய மூன்று டன் லோரி வைத்துச் சாமான் ஏற்றிப் பிழைக்கிறேன். இன்ஜினுக்குப் பின்பக்கம் ஆயில் ஒழுகியதால் ஒரு பட்டறையில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கி கிராங்கின் பின்பக்க ஆயில் சீலை மாற்றினார்கள். 2,800 வெள்ளி கொடுத்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதே இடத்தில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய் விட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஜின் மேல் கவர் கேஸ்கெட்டையும் பிரீதரையும் (இன்ஜினின் காற்றுப் போக்கி) மாற்றிவிட்டு 1,450 வெள்ளி கேட்கிறார்கள். கட்டாவிட்டால் லோரி வெளியே வராதாம், நாளுக்கு 30 வெள்ளி நிறுத்தக் கட்டணம் வேறாம். என்னிடம் இன்னொரு சாவி இருக்கிறது. ராத்திரியில் போய் எடுத்து வந்துவிடலாமா? பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா? ஓட்டம் நின்ற நஷ்டத்தைக் கேட்கலாமா?

பதில்: முதலில் அந்தச் சாவியை வீட்டில் பூட்டி வையுங்கள்.

சொந்த வண்டியைத் தானே எடுக்கிறோம், அது எப்படித் திருட்டு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 378ஆம் பிரிவு இதற்கென்றே ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. ஒருவர் தம் கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்கிறார். கூலி பாக்கி இருக்கிறது, அதற்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டப்படி வைத்திருக்கிறார். அந்த ஈட்டை இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு உரிமையாளர் அதை எடுத்துப் போனால் அது திருட்டு. பாக்கியே இல்லாதபோது எடுத்தால் திருட்டு இல்லை என்று அதற்கு முந்தைய உதாரணம் சொல்கிறது. உங்கள் சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பாக்கி உண்டா இல்லையா என்பதே தகராறு. அதைப் போலீஸ் நிலையத்தில் நின்று வாதாட வேண்டிய நிலையை நீங்களே வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டறைக்காரர் வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 123ஆம் பிரிவிலிருந்து வருகிறது. ஒப்படைத்த பொருளில் உழைப்பும் திறமையும் செலவழித்தவர், அந்த வேலைக்கு உரிய கூலி கிடைக்கும் வரை பொருளை வைத்திருக்கலாம். 'உரிய' கூலி மட்டும்தான். நீங்கள் சொல்லாத வேலைக்கு அவர் கேட்கும் தொகையெல்லாம் அதில் வராது. ஆனால் ஒரு எச்சரிக்கை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 71ஆம் பிரிவு சொல்கிறது. 'கேஸ்கெட் மாற்றிய பிறகு ஒழுகல் நின்றதே' என்று அவர் அந்தப் பிரிவைக் காட்டலாம். நிறுத்தக் கட்டணம் வேறு கதை. முன்கூட்டிப் பேசாமல், தம் பாக்கிக்காகத் தாமே பிடித்து வைத்திருக்கும் வண்டிக்கு வாடகை கேட்க அவருக்குப் பொதுவாக உரிமை இல்லை. பில்லிலோ பட்டறைச் சுவரிலோ அப்படி ஒரு நிபந்தனை இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பக்கத்தின் பலம். அது அவர்கள் தந்த இரண்டாவது பில்லில்தான் இருக்கிறது.

பழைய டீசல் இன்ஜினில் மேல் கவர் கேஸ்கெட் காய்ந்து போனால், ஆயில் இன்ஜினின் பின்முதுகு வழியே வழிந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு அடியில் வந்து சொட்டும். கீழே குனிந்து பார்ப்பவருக்கு கிராங்க் சீல் போனதுபோலவே தெரியும். பிரீதர் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, புதிதாகப் போட்ட சீலின் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். அதனால்தான் கவனமான மெக்கானிக் முதலில் இன்ஜினைக் கழுவித் துடைத்து, ஓடவிட்டு, ஈரம் எங்கிருந்து இறங்குகிறது என்று மேலிருந்து கீழாகப் பார்ப்பார். கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வேலை. இவர்கள் முதலில் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு, பிறகு மேலே பார்த்திருக்கிறார்கள். நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வது பழுது ஒப்பந்தத்தில் எழுதாமலே இருக்கும் கடமை. அது மீறப்பட்டது என்று நீங்கள் வாதாட இந்த வரிசையே போதுமான தொடக்கம்.

போதுமான முடிவு அல்ல. பழைய சீலும் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். சீலின் உதடு இறுகி வெடித்திருந்தால் முதல் வேலை வீண் இல்லை என்று அவர் சொல்வார். மெத்தென்று நன்றாக இருந்தால் உங்கள் கை ஓங்கும். 'தூக்கி எறிந்துவிட்டோம்' என்றால் அதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். முதல் பில்லில் வெறும் 'சீல் மாற்றம்' என்று இருக்கிறதா, 'ஆயில் ஒழுகல் பழுது' என்று இருக்கிறதா? இரண்டாவதாக இருந்தால் ஒழுகலை நிறுத்துவதே பேசிய வேலை. அது உங்களுக்கு மிகவும் சாதகம்.

நான் சொல்லும் வழி இது: 1,450 வெள்ளியை ஆட்சேபத்துடன் கட்டி லோரியை வெளியே எடுங்கள். கசக்கும், தெரியும். ஆனால் நிற்கும் லோரி நாள்தோறும் உங்கள் சோற்றில் கை வைக்கிறது. கட்டும்போது 'இத்தொகையை ஏற்கவில்லை, வண்டியைப் பெறவே கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு' என்று மலாயில் எழுதிக் கொடுத்து, நகலில் அவர்கள் முத்திரையை வாங்குங்கள். பணமாகக் கொடுக்காமல் வங்கி வழி கட்டுங்கள். வெளியே எடுத்ததும், வேறு யாரும் கை வைக்கும் முன், இன்னொரு பட்டறையில் அடிப்பக்கத்தைப் படமெடுத்து எழுத்து அறிக்கை வாங்குங்கள். வணிக வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போயிருப்பீர்கள். அங்கே ஒழுகல் பதிவாகியிருந்தால் அந்தத் தாளும் சாட்சிதான்.

தீர்ப்பாயம்? பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்குப் பொதுவாக வாங்கும் வகைப் பொருளையும் சேவையையும் பெறுபவரைத்தான் பயனீட்டாளர் என்கிறது. மூன்று டன் லோரியின் இன்ஜின் பழுது அந்த வகையில் வருவது கடினம். வீட்டுக் காராக இருந்திருந்தால் உங்களை அங்கேதான் அனுப்பியிருப்பேன். லோரிக்கு எதிர்த்தரப்பு இந்த ஒரு வாதத்தை வைத்தாலே போதும், மாதக்கணக்கில் காத்திருந்தது வீணாகும்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறைதான் உங்களுக்குப் பொருத்தம். பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ 198ஆம் பாரத்தை நிரப்பிப் பதியலாம். இதிலும் நீங்களே பேச வேண்டும், என்னைப் போன்ற வழக்கறிஞரை அழைத்து வர முடியாது. இரண்டு பில்லும் சேர்ந்து 4,250 வெள்ளி. வருமான இழப்போடு மொத்தத்தை இந்த முறையின் வரம்பான 5,000க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வருமான இழப்பில் அளவோடு இருங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, இயல்பாக விளையும் நஷ்டமும், ஒப்பந்தத்தின்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டமும்தான் கிடைக்கும். 'தினம் ஓட்டம் இருக்கு, சீக்கிரம் தாங்க' என்று வண்டியை விட்டபோது அனுப்பிய செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். கோருவது டீசல், கூலி போக நின்ற லாபமாக இருக்கட்டும். வேறு லோரியை வாடகைக்கு எடுத்து ஓட்டியிருந்தால் அந்த ரசீது, மனக்கணக்கில் போட்ட தொகையைவிட நீதிபதியிடம் எளிதில் எடுபடும்.

ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் சீலும் சாட்சியும் அத்தனை நாள் இருக்காது. வழக்குக்கு முன் பதினான்கு நாள் கெடு வைத்து ஒரு பதிவுக் கடிதம் அனுப்புங்கள். பாதிப் பேர் அதிலேயே பேச வருவார்கள். 2,800இல் பாதியும் 1,450 முழுவதும் திரும்பக் கிடைத்தால், என் கருத்தில், வாங்கிக்கொண்டு எழுதி முடித்துவிடலாம்.

இவ்வளவும் லோரியும் பில்லும் உங்கள் பெயரில் இருந்தால்தான். சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பெயரில் இருந்தால் சிறு வழக்கு முறை திறக்காது, ஏனென்றால் அதில் வாதி தனிநபராக இருக்க வேண்டும். அப்போது சாதாரண மாஜிஸ்திரேட் வழக்குதான், வழக்கறிஞர் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.