பாக்கெட்டின் பின்பக்கம்

மாதச் செலவு பற்றி வந்த கேள்விகளாகப் பார்த்து இந்த முறை எடுத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்குள்ளும் இருப்பது ஒரே சந்தேகம்தான்: பெயருக்குக் கொடுக்கிற காசு பொருளுக்குப் போகிறதா, விளம்பரத்துக்குப் போகிறதா?

கேள்வி: மளிகைக்கு மட்டும் மாதம் ஏழாயிரம் ஆகிறது. டிவியில் வருகிற பிராண்டுதான் நம்பகம் என்கிறார் மாமியார். எல்லாவற்றையும் லூஸில் வாங்கு என்கிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஆளுக்குப் பாதி மார்க் போடுகிறேன் அம்மா. உங்கள் வீட்டில் சண்டை மூட்டிவிட்ட பாவம் எனக்கு வேண்டாம்.

எங்கள் அப்பா மளிகைக்கடைக்காரர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் பொட்டலம் மடிப்பதுதான் என் வேலை. சர்க்கரை மூட்டை ஆலையிலிருந்து ஐம்பது கிலோவாக வரும். எம் 30, எஸ் 30 என்று பரல் அளவுக்கு ஒரு பெயர் உண்டு. பெரிய பரல், சின்னப் பரல், அவ்வளவுதான் வித்தியாசம். அதையே பளபளக்கும் பாக்கெட்டில் போட்டுப் பெயர் எழுதினால் கிலோவுக்குப் பல ரூபாய் கூடும், இனிப்பு கூடாது. சர்க்கரையில் உங்கள் கணவர் சொல்வதே சரி.

உப்பும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் லூஸில் வேண்டாம். அயோடின் சேர்த்த உப்பு என்று எழுதி விற்றால், உங்கள் கைக்கு வரும்போது அதில் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் எல்லாப் பெயருக்கும் ஒன்றுதான். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். விளம்பரம் இல்லாததால் யாரும் கேட்பதில்லை.

மாமியாருக்கு மார்க் கிடைக்கும் இடம் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள். அரைத்த பொடிக்குள் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. லூஸ் பொடி வேண்டவே வேண்டாம். ஆனால் பிராண்டு பொடியை விடவும் லாபமான வழி ஒன்று இருக்கிறது: மிளகாய், மல்லி, விரலி மஞ்சள் எல்லாவற்றையும் முழுசாக வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். முழு மிளகாயில் கலப்படம் செய்வது கஷ்டம், உங்கள் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். நேரமில்லை என்றால் அக்மார்க் முத்திரை உள்ள பாக்கெட்டாகப் பாருங்கள். அது சின்ன கம்பெனி என்றாலும் பரவாயில்லை.

துவரம்பருப்பில் மினுமினுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பாலிஷ். மங்கலாக இருக்கிற பருப்புதான் நல்ல பருப்பு. கால் கிலோ வாங்கி வேகவைத்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் மாதத்துக்கு வாங்குங்கள். பழைய சரக்கு என்றால் எத்தனை விசில் விட்டாலும் குழையாது.

எண்ணெயில் மட்டும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். இப்போது கடையில் தொங்கும் பாக்கெட்டுகளில் சில ஒரு லிட்டர், சில 800 கிராம், சில 850 மில்லி. பார்வைக்கு எல்லாம் ஒரே உயரம்! ஒரு பேச்சுக்கு, லிட்டர் பாக்கெட் 165 ரூபாய், 800 கிராம் பாக்கெட் 155 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் மிச்சம் என்று கை இரண்டாவதற்குத்தான் போகும். ஆனால் 800 கிராம் 155 என்றால் 910 கிராம் 176 ரூபாய் ஆகிறது. மலிவு என்று எடுத்ததில் லிட்டருக்குப் பதினோரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று இருந்தது. சூடானால் எண்ணெய் விரியும் இல்லையா? சில நிறுவனங்கள் ‘60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டு, எடையில் குறைத்துக்கொண்டிருந்தன. நம் சமையலறை அலமாரி எந்த ஊரில் 60 டிகிரிக்குப் போகிறது? வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சரியாக எழுதுங்கள் என்று 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை சொல்லி, 2023 ஜனவரி வரை கெடு கொடுத்தது. ஆகவே எண்ணெயை எப்போதும் கிராமில் ஒப்பிடுங்கள்.

கேள்வி: பெரிய பாக்கெட் வாங்கினால் எப்போதும் மலிவுதானே? (விருதுநகர் வாசகர்)

பதில்: இல்லை. ஷாம்பூவைப் பாருங்கள். நம் ஊரில் பல ஷாம்பூக்கள் மில்லிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், பாட்டிலைவிடச் சாஷேயில்தான் மலிவு. இதற்கு ஒரு கடலூர்க் கதை உண்டு. சாஷேயில் ஷாம்பூ விற்கலாம் என்று முன்கூட்டியே யோசித்தவர்களில் ஒருவர் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காக வந்த சரக்கு அது. போட்டி எல்லாம் அந்த ஒன்றிரண்டு ரூபாய்க்குள்ளேயே நடந்ததால், சாஷேயின் விலையைக் கூட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை. பாட்டில் வாங்குகிறவர் கணக்குப் பார்க்க மாட்டார் என்பது கம்பெனிகளின் கணக்கு. சாஷேயில் குப்பை சேர்கிறது என்பது வேறு விஷயம், அதை நான் மறுக்கவில்லை.

அரிசி மூட்டையிலும் இதேபோல ஒரு வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடையிருந்தால் வரி கிடையாது. உடனே நம் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டுவிட்டார்கள்! 25 கிலோ 1,450 ரூபாய், 26 கிலோ 1,482 ரூபாய் என்று இருந்தால் முதலாவதுதான் மலிவாகத் தெரியும். கிலோவுக்கு வகுத்தால் 58, 57. இப்போது பாக்கெட்டிலேயே கிராமுக்கு அல்லது கிலோவுக்கு எவ்வளவு என்று அச்சிட வேண்டும் என விதி இருக்கிறது. எம்ஆர்பிக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில் இருக்கும். தேடிப் படியுங்கள்.

மூட்டை மேல் ‘பொன்னி’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கிலோ பிரித்துக் கொடுக்கச் சொல்லி, வடித்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மூட்டைக்குச் சொல்லுங்கள். தெரிந்த கடைக்காரர் மறுக்க மாட்டார்.

கேள்வி: குளியல் சோப்பில் 30 ரூபாய்க்கும் இருக்கிறது, 80 ரூபாய்க்கும் இருக்கிறது. வாசனையைத் தவிர என்ன வித்தியாசம்? (சேலம் மாணவி)

பதில்: சோப்பைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிறுவனத்தின் கணக்குப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் முதல் தரம், 70 என்றால் இரண்டாம் தரம், 60 என்றால் மூன்றாம் தரம். அதற்கும் கீழே போனால் அதை ‘டாய்லெட் சோப்’ என்று எழுதக் கூடாது. ‘பாத்திங் பார்’ என்று எழுதி விற்கிறார்கள். அதற்கு 40 சதவீதம் இருந்தாலே போதும்.

நடிகை படம் போட்ட விலையுயர்ந்த சோப்புகளில் சில இந்தக் கடைசி வரிசையில் இருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். பக்கத்து அலமாரியில் பாதி விலைக்கு முதல் தரச் சோப்பு தூசி படிந்து கிடக்கும். டிஎஃப்எம் குறைந்தால் சோப்பு சீக்கிரம் கரையும், தோல் வறளும்.

ஒரு விதிவிலக்கு. பாத்திங் பார் என்று எழுதிய எல்லாமே மட்டம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிலவற்றில் சோப்புக்குப் பதிலாக மென்மையான வேறு கழுவும் பொருளைச் சேர்க்கிறார்கள், அதனால் டிஎஃப்எம் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. வறண்ட தோலுக்கு மருத்துவர்கள் சொல்வதும் அவற்றைத்தான். தோலில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு 76 போட்ட மலிவு சோப்பு போதும். வாங்கி வந்ததும் உறையைப் பிரித்து அலமாரியில் காயவிடுங்கள். கெட்டிப்பட்ட சோப்பு கூடுதல் நாள் வரும். எங்கள் பாட்டி புடவை அடுக்குக்குள் வைப்பார். அலமாரியும் மணக்கும், சோப்பும் காயும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். மாத்திரைக்கே மாதம் இரண்டாயிரத்துக்கு மேல். ஜெனரிக் மருந்து மலிவு என்கிறார்கள், ஆனால் ‘அது வேலை செய்யாது’ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன் தம்பி. சோப்பில் தப்பினால் வாசனைதான் போகும், இதில் அப்படியில்லை.

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்தது. இன்னொன்று மருந்தின் பெயர்: மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாட்டின் என்பது போல. உடம்புக்குள் வேலை செய்வது இரண்டாவது. அந்த மருந்துப் பெயரிலேயே விற்பதுதான் ஜெனரிக். அதே மருந்தை மத்திய அரசின் ஜன் அவுஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள். பல மாத்திரைகள் பிராண்டு விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும்.

ஆனால் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. அளவு பொருந்த வேண்டும்: 500 என்றால் 500. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தும் பொருந்த வேண்டும். ‘எஸ்ஆர்’, ‘எக்ஸ்ஆர்’ என்றால் மெதுவாகக் கரையும் மாத்திரை. அதற்குப் பதில் சாதா மாத்திரையை வாங்கிவிடக் கூடாது. டெல்மிசார்டனுக்குப் பக்கத்தில் ‘எச்’ என்று இருந்தால் கூடவே இன்னொரு மருந்து, நீர் பிரிப்பது, சேர்ந்திருக்கிறது என்று பொருள். அட்டையை அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லி வாங்காதீர்கள்.

தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. அளவில் சின்ன ஏற்ற இறக்கம் வந்தாலும் உடம்பு காட்டிவிடும் மருந்துகள் அவை. அப்பாவின் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே மாற்றுங்கள். மாற்றியபின் இரண்டு வாரம் வீட்டிலேயே கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்துக் குறித்து வையுங்கள். எண்கள் பழையபடியே நின்றால் உறவினர்களுக்கு அந்தத் தாளைக் காட்டிவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. சாதாரண மருந்துக்கடையில் ‘ஜெனரிக் தருகிறேன், 20 சதவீதம் தள்ளுபடி’ என்பார்கள். சில ஜெனரிக் அட்டைகளில் எம்ஆர்பியைப் பிராண்டுக்கு நிகராகவே அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரரின் கொள்முதல் விலை அதில் ஒரு சின்னப் பங்குதான். தள்ளுபடி போக நீங்கள் கொடுப்பது எவ்வளவு என்று பாருங்கள்.

கேள்வி: தனியார் ‘பிரீமியம்’ பால் வாங்குகிறோம். ஆவினைவிட உசத்தியா? (சென்னை வாசகி)

பதில்: உறையில் கொழுப்புச் சதவீதத்தைப் பாருங்கள். சமன்படுத்திய பால் 3, நிலைப்படுத்திய பால் 4.5, நிறைகொழுப்புப் பால் 6. எல்லாருக்கும் இந்த வரையறைதான். ஒரே சதவீதத்தை ஒப்பிட்டு விலையைப் பாருங்கள். காபிக்கு எது பிடிக்கிறது என்பது உங்கள் நாக்கின் சொந்த விவகாரம்.

கேள்வி: அப்படியென்றால் பிராண்டுக்கு எங்கேதான் காசு கொடுக்கலாம்? (கோவை வாசகர்)

பதில்: கெட்டுப்போனால் வீடு எரியும் பொருள் எதுவோ, அங்கே.

ஒரு மழைக்காலத்தில் சாலையோரக் கடையில் பெயரில்லாத எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று வாங்கினேன். நூற்றைம்பது ரூபாய் மிச்சம் என்று பெருமை வேறு. வெந்நீர் ஹீட்டரைச் செருகிக் கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் உருகிய நாற்றம். வயர் முடி போல மெலிசு. என் கஞ்சத்தனத்துக்கு அடையாளமாகச் சுவரில் அந்தக் கருப்புத் தடம் இன்னும் இருக்கிறது.

வயர், ஸ்விட்ச், பிரஷர் குக்கர், கேஸ் டியூப் ஆகியவற்றில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். பிரஷர் குக்கருக்கு 2021 முதல் அது கட்டாயம். முத்திரையைப் போலியாகவும் அச்சிடலாம், ஆகவே அதன் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணைக் கைப்பேசியில் இந்தியத் தர நிறுவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, உரிமம் இருக்கிறதா என்று வந்துவிடும். எண் சரியாக இருந்தால் கேள்விப்படாத பெயர் என்றாலும் வாங்கலாம். கேஸ் டியூபை ஏஜென்சியிலேயே வாங்கி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பேருந்து நிலையக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று இரண்டு ரூபாய் கூட வாங்கினார்கள். கேட்டால் முறைக்கிறார்கள். (திண்டுக்கல் வாசகர்)

பதில்: எம்ஆர்பி என்பது எல்லா வரியும் அடங்கிய உச்ச விலை. குளிர்பெட்டி கரண்டுக்குத் தனியாக வாங்க இடமில்லை. பில் கேளுங்கள், கொடுக்காவிட்டால் பாட்டிலையும் கடையையும் படம் எடுத்துக்கொண்டு 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. போனைக் கையில் எடுத்து எண்ணைச் சத்தமாகச் சொன்னதுமே எனக்கு இரண்டு ரூபாய் திரும்பி வந்திருக்கிறது. கூடவே முறைப்பும்.