ஏபி கால்குலஸா, பிசி கால்குலஸா?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பில் பிரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய பாடம்) படிக்கும் மகன், அடுத்த வருடம் ஏபி கால்குலஸா பிசி கால்குலஸா என்று குறித்து வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய பாடத்தேர்வுப் படிவம், அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர் பிசி எடுக்கிறார்கள் என்ற செய்தி. கடைசி வரியில்தான் உண்மையான கவலை இருக்கிறது: "ஏபி எடுத்தால் பின்தங்கிவிடுவானா?"

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடங்களைப் படிக்கும் அமெரிக்கத் திட்டமான அட்வான்ஸ்டு பிளேஸ்மென்டையும் சுருக்கினால் ஏபி (AP), அதில் கால்குலஸின் முதல் பாடமும் ஏபி (AB); இன்னொன்று பிசி (BC). தமிழில் எழுதினால் இரண்டு ஏபி-க்கும் ஒரே முகம். இங்கே நான் ஏபி என்று சொல்வதெல்லாம் கால்குலஸ் பாடத்தைத்தான்.

நிறையப் பெற்றோர் பிசி-யை ஏபி-யின் "கஷ்டமான வடிவம்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏபி-யில் இருப்பது அத்தனையும் பிசி-யிலும் உண்டு. அதற்கு மேல் முடிவிலாத் தொடர்கள், போலார் வளைவுகள், தொகையிடலில் கூடுதல் முறைகள் என்று சில சேரும். கல்லூரிக் கணக்கில் ஏபி ஏறக்குறைய ஒரு செமஸ்டர், பிசி இரண்டு செமஸ்டர். இரண்டுக்குமே மே மாதம்தான் தேர்வு. அதனால் பிசி-யில் மாறுவது பெரும்பாலும் வேகம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஏபி வகுப்பில் ஒரு பாடம் போகும். பிசி-யில் அதைவிட அதிகம் போகும்.

அப்புறம், படிவத்தைத் தொடும் முன் பள்ளியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் பிசி வகுப்பு கால்குலஸின் முதல் அத்தியாயமான லிமிட்டிலிருந்து தொடங்குகிறதா, ஏபி முடித்துவிட்டு வந்தவர்களுக்கா?" சில பள்ளிகளில் பிரீகால்குலஸ் முடித்தவர்கள் நேராக பிசி-க்குப் போகலாம். சில பள்ளிகளில் பதினொன்றில் ஏபி, பன்னிரண்டில் பிசி என்றுதான் வரிசை. உங்கள் பள்ளி இரண்டாவது ரகம் என்றால் இந்த விவாதமே வேண்டாம், முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டாயிற்று.

நேராகப் போகலாம் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அவனுடைய அல்ஜீப்ரா. மதிப்பெண் பட்டியலைப் பார்க்காதீர்கள், அவன் எழுதும் தாளைப் பாருங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து இரண்டே கணக்கு போடச் சொல்வேன். ஒன்று, எக்ஸ் வர்க்கத்தோடு 9-ஐக் கூட்டி, மொத்தத்துக்கும் வர்க்கமூலம் எடுத்தால் அதைச் சுருக்க முடியுமா? "எக்ஸ் கூட்டல் 3" என்று சட்டென எழுதுபவர்கள் நிறைய. எக்ஸுக்கு 4 போட்டுப் பார்க்கச் சொல்வேன். 16-ம் 9-ம் சேர்ந்து 25, அதன் வர்க்கமூலம் 5. அவன் எழுதியபடி பார்த்தால் 7. அந்த நிமிடம் முகம் மாறும். மாறி, தானே அடித்துத் திருத்துபவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. "எங்கள் டீச்சர் இப்படித்தான் சொன்னார்" என்று வாதாடுபவனைப் பற்றித்தான் கவலை.

இரண்டாவது, மேலே ஒன்று, கீழே எக்ஸ் கூட்டல் 2 என்ற பின்னம். அதிலிருந்து எக்ஸின் கீழ் ஒன்றைக் கழித்து, ஒரே பின்னமாக எழுத வேண்டும். எட்டாம் வகுப்புச் சமாச்சாரம் போலத் தெரியும். ஆனால் டெரிவேட்டிவை (ஒன்று மாறும் வீதத்தை) வரையறையிலிருந்து கண்டுபிடிக்கும்போது கை நேராக இங்கேதான் வந்து நிற்கும். கால்குலஸ் புரியவில்லை என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கால்குலஸ் புரிந்தே இருந்தது. பின்னத்தில்தான் சறுக்கியிருந்தார்கள். இந்த இரண்டையும் உங்கள் மகன் பத்து நிமிடத்தில் தடுமாறாமல் போட்டால், பிசி அவனுக்கு எட்டாத உயரம் இல்லை. தடுமாறினால் அகலக் கால் வைக்க வேண்டாம். ஏபி எடுக்கட்டும், இந்தக் கோடை விடுமுறையில் அல்ஜீப்ராவைக் கெட்டிப்படுத்தட்டும்.

பின்தங்குவது பற்றிக் கேட்டீர்கள். கல்லூரிச் சேர்க்கை அலுவலகங்கள் ஒரு மாணவனை அவன் பள்ளியில் என்னென்ன பாடங்கள் கிடைத்தன என்பதோடு சேர்த்துத்தான் பார்க்கின்றன. பதினொன்றில் ஏபி என்பது எந்தக் கணக்கிலும் பின்தங்கிய பாதை இல்லை. கிரெடிட் விஷயத்தில், அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரி ஏற்கெனவே முடித்ததாக எடுத்துக்கொள்வதில், வித்தியாசம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். உதாரணமாக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், பிசி தேர்வில் அதிகபட்ச மதிப்பெண்ணான 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்கு கிரெடிட் தருவார்கள், ஏபி-க்குத் தருவதில்லை. ஆனால் அந்த 5-ஐப் பன்னிரண்டாம் வகுப்பிலும் வாங்கலாம்.

நண்பர்கள் யாரும் யோசிக்காத ஒன்று: பதினொன்றிலேயே பிசி முடித்துவிட்டால் பன்னிரண்டில் கணக்குக்கு என்ன செய்வான்? பள்ளியிலோ பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜிலோ (இரண்டாண்டுக் கல்லூரி) அடுத்த கட்டமான மல்டிவேரியபிள் கால்குலஸ் இருந்தால் நல்லது. எதுவும் இல்லையென்றால் ஒரு வருடம் கணக்கையே தொடாமல் நேராக இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் போய் உட்காருவான். அதற்கு ஏபி, பிசி என்று இரண்டு வருடம் நிதானமாகப் போவதே மேல் என்பது என் கட்சி.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (புள்ளியியல்) எடுக்க ஆசை என்று அவன் சொன்னதாகவும், "அது சுலபமான பாடம் தேடுபவர்களுக்கு" என்று நீங்கள் மறுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அது வேறு வகை உழைப்பு. கணக்கைவிட, விடை என்ன சொல்கிறது என்று வாக்கியமாக எழுத வேண்டிய பாடம். உயிரியல், உளவியல், பொருளாதாரம் எதில் போனாலும் கைகொடுக்கும். ஆனால் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று அவனே சொல்வதால், கால்குலஸுக்குப் பதிலாக வேண்டாம். அட்டவணையில் இடம் இருந்தால் பன்னிரண்டில் கால்குலஸோடு சேர்த்து எடுக்கட்டும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தூக்கம் தரலாம். இரண்டு பாடத்துக்கும் ஆரம்பப் பகுதி ஒன்றுதான் என்பதால், பிசி-யில் சேர்ந்து அக்டோபரில் மூச்சு முட்டினால் ஏபி-க்கு மாற்றிவிடப் பல பள்ளிகள் சம்மதிக்கும். மாறுவதற்குக் கடைசித் தேதி எது, மாறினால் மதிப்பெண் அட்டையில் ஏதாவது குறிப்பு விழுமா என்று அவன் பள்ளிக் கவுன்சிலரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிசி தேர்வே எழுதினாலும், ஏபி பகுதியில் எப்படிச் செய்தான் என்று தனியாக ஒரு மதிப்பெண் வரும்.

புதன்கிழமை மாலை எனக்கு நேரம் இருக்கிறது. அவனை மட்டும் அனுப்புங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் தாளைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் அவனிடமே கொடுத்துவிடுங்கள்.