ஆறு ரிவெட் இருந்தால் 1943 ஆகிவிடுமா?

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு சோவியத் இரும்புத் தொப்பியைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரும்பு ஓட்டின் சுற்றிலும் ஆறு ரிவெட், உள்ளே மூன்று மடல் லைனர் (தலையைத் தாங்கும் உள்ளுறை), நெற்றியில் சிவப்பு நட்சத்திரம். பின்பக்கம் உள்ளே இருக்கும் முத்திரை மங்கலாக இருக்கிறது. '3' என்பது மட்டும் தெரிகிறது. "1943, ஸ்டாலின்கிராட் போரில் கிடைத்தது" என்கிறார் விற்பவர். விலையும் அதற்கேற்ப. வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்து மாடலைச் சொல்லலாம், ஆண்டைச் சொல்ல முடியாது. விற்பவர் அந்த இரண்டையும் ஒன்றாக்கி விலை வைத்திருக்கிறார்.

முதலில் மாடல். பக்கங்கள் வெளியே விரிந்து, உச்சியில் காற்றுத் துளையை மூடிய சிறு முகடு இருந்தால் அது எஸ்எஸ்எச்-36 ('எஸ்எஸ்எச்' என்பது 'இரும்புத் தொப்பி' என்பதன் ரஷ்யச் சுருக்கம்). முகடு இல்லாமல், ஓட்டின் மேற்பகுதியில் மூன்றே ரிவெட் என்றால் எஸ்எஸ்எச்-39. கீழே, விளிம்புக்குச் சற்று மேலே சுற்றிவர ஆறு ரிவெட்டும், உள்ளே பஞ்சு வைத்த மூன்று ரெக்ஸின் மடல்களும் இருந்தால் எஸ்எஸ்எச்-40. அந்த மடல்களின் நுனிகளை ஒரு கயிறு உச்சியில் இழுத்துக் கட்டியிருக்கும். எஸ்எஸ்எச்-60-க்கும் ஓடு அதேதான், மடல் மட்டும் நான்கு. நெற்றிச் சரிவு கூடி விளிம்பு குட்டையாகிவிட்டால் எஸ்எஸ்எச்-68. ஆக, உங்களுடையது பார்வைக்கு எஸ்எஸ்எச்-40.

சிக்கல் இங்கேதான். எஸ்எஸ்எச்-40 போரோடு நின்றுவிடவில்லை. 1950களிலும் அதே வடிவில் வந்தது. 1942-இல் அடித்த ஓடும் 1952-இல் அடித்த ஓடும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துச் சொல்வது பின்பக்க உள்விளிம்பில் உள்ள மை முத்திரை ஒன்றுதான். அதில் ஆலைக் குறி, ஆண்டு, ஒற்றை இலக்க அளவு எண் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

அந்த '3'-ஐ நம்பி ஏமாற வேண்டாம். ரஷ்ய எழுத்தில் ஆங்கில 'z' ஒலிக்குரிய எழுத்து அச்சாக நம் 3 போலவே இருக்கும். யூரல் பகுதியின் லீஸ்வா ஆலைக்குறி மூன்றெழுத்து, அதன் கடைசி எழுத்து இதுதான். உங்கள் '3' அளவு எண்ணாக இருக்கலாம், ஆண்டின் கடைசி இலக்கமாக இருக்கலாம், ஆலைக் குறியின் வாலாகவும் இருக்கலாம். அதன் இடப்பக்கம் கூரை போன்ற ஓர் எழுத்தும் அடுத்து 'எம்' எழுத்தும் நிழலாகவாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது எண்ணே அல்ல.

விற்பவரின் கதை நாட்காட்டியிலேயே இடறுகிறது. ஸ்டாலின்கிராட் சண்டை 1943 பிப்ரவரி 2-இல் முடிந்துவிட்டது. 1943 முத்திரையிட்ட ஓடு அந்தப் போர்முனையை எட்டியிருக்க அதிகம் போனால் ஒரு மாதம்தான் இருந்தது. 'ஸ்டாலின்கிராடில் செய்தது' என்று பேச்சை மாற்றினாலும் நிற்காது. அங்கே தொப்பி செய்த 'சிவப்பு அக்டோபர்' ஆலை 1942 இலையுதிர் காலத்தில் தானே போர்க்களமாகிவிட்டது. அதன்பின் பாரம் முழுக்க லீஸ்வாவின் தலையில்தான்.

விற்பவரிடம் புதிய படங்கள் கேளுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சை உள்விளிம்போடு ஏறக்குறைய படுக்கவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் முத்திரையை நான்கு திசையிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். நேர் ஃபிளாஷில் காணாமல் போகும் மை, சாய்ந்த வெளிச்சத்தில் பெயின்ட்டுக்கு அடியில் மேடாகத் தெரிவதுண்டு. முத்திரைமேல் பெயின்ட் இருந்தால் பயப்பட வேண்டாம். கிடங்கில் புதுப்பித்தபோது பூசியிருப்பார்கள். சந்தேகப்பட வேண்டியது நேர்மாறானதை: தேய்ந்த, கீறிய பெயின்ட்டின்மேல் முத்திரை மட்டும் கூர்மையாக உட்கார்ந்து, மை கீறலுக்குள்ளும் இறங்கியிருந்தால் அது பின்னால் குத்தியது. நெற்றி நட்சத்திரத்துக்கும் இதே சோதனைதான். சிவப்பு, பழைய கீறல்களுக்குள் வழிந்திருந்தால் யாரோ வியாபாரத்துக்காக வரைந்திருக்கிறார்கள். நட்சத்திரம் இருந்தால் சீக்கிரம் விலைபோகும், அவ்வளவுதான்.

அடுத்து ரிவெட்டின் நெருக்கப் படம். ரிவெட் தலையிலும் சுற்றியுள்ள ஓட்டிலும் பெயின்ட் ஒரே தோலாகப் படர்ந்திருந்தால், லைனர் பொருத்திய பிறகு ஒருமுறை பூசியிருக்கிறார்கள். அப்போது லைனர் ஓரத்தில் பெயின்ட் தூறல் இருக்க வேண்டும். தலையைச் சுற்றிப் பெயின்ட் வளையமாக உடைந்து, பளிச்சென்ற உலோகம் தெரிந்தால் ரிவெட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஓட்டுக்கும் லைனருக்கும் தனித்தனி வயது.

கையில் வந்த பிறகு புற ஊதா டார்ச்சில் தாடை வாரையும் தையல் நூலையும் பாருங்கள். நீலவெள்ளையாக மின்னினால், போருக்குப் பின் பரவலான வெளுப்பூட்டி கலந்த நூல் என்று சந்தேகிக்கலாம். ஆனால் பழைய வாரை யாராவது சலவைத்தூளில் ஊறவைத்திருந்தாலும் இப்படித்தான் மின்னும். அதனால் பிய்ந்த நுனியிலிருந்து ஓர் இழையை எடுத்து, தொப்பியை விட்டுத் தள்ளிவைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். நைலான் உருகி மணியாகச் சுருளும். அப்படியானால் வார் 1943-க்கு உரியதல்ல.

லைனர் ரெக்ஸினாக இல்லாமல் தோலாக இருந்தால் செக்கோஸ்லோவாக்கியாவை நினைத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பின் அவர்கள் சோவியத் ஓடுகளுக்குத் தங்கள் தோல் லைனரை மாட்டினார்கள். எஸ்எஸ்எச்-40-ஐ ஒத்த தங்கள் வடிவையும் செய்தார்கள். அது அடிக்கடி சோவியத் பெயரில் விலைபோகிறது.

முத்திரையைத் 'திறக்க' தின்னரோ உப்புத்தாளோ வேண்டாம். தின்னர் மேல் பெயின்ட்டோடு அடியில் உள்ள மையையும் கரைத்துவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், தேய்த்தால் தூசு மூச்சுக்குள் போகும். ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்த்துங்கள். ரெக்ஸின் மடலில் ஈரம் படக் கூடாது, உள்ளே உள்ள பஞ்சு உறிஞ்சிவைத்து ரிவெட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

இப்போதைக்கு, ஆண்டு தெரியாத எஸ்எஸ்எச்-40-க்கு என்ன விலையோ அதை மட்டும் கேளுங்கள். முத்திரைப் படம் அனுப்ப விற்பவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். லீஸ்வா போர்க்காலத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் தொப்பி செய்தது. இன்னொன்று கிடைக்கும்.