வலி இல்லாமல் ரத்தம் போனால்…

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. சேலம் அம்மாபேட்டையில் 25 வருடம் நூலுக்குச் சாயம் போட்டவர். பீடியும் உண்டு. போன மாதம் இரண்டு நாள் சிறுநீர் ரத்தமாகப் போனது. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. “உடம்புச் சூடு” என்று வாழைத்தண்டுச் சாறு குடித்தார், நின்றுவிட்டது. இதய அடைப்புக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் வந்திருக்குமோ? டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா?

பதில்: இந்த வாரமே கூட்டிப் போங்கள். நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தால் ரத்தம் இரண்டு நாள் வரும், சில மாதம் காணாமல் போகும், மறுபடி வரும். நடுவில் குடித்த வாழைத்தண்டுக்குப் பெயர் கிடைத்துவிடும். கல்லோ கிருமியோ என்றால் பெரும்பாலும் வலி, நீர்க்கடுப்பு கூடவே இருக்கும். இந்த வயதில் வலியே இல்லாமல் வரும் ரத்தத்தைத்தான் நாங்கள் அதிகம் சந்தேகிப்போம்.

மாத்திரை கசிவைக் கூட்டலாம். ஆனால் பழியை அதன் மேல் போட்டுச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நீங்களாக நிறுத்தவும் கூடாது.

டாக்டர் முதலில் கேட்பது, ரத்தம் எப்போது வந்தது என்பது. போக ஆரம்பிக்கும்போது மட்டும் சிவந்து பிறகு தெளிந்தால் சிறுநீர் வெளியேறும் குழாயில் கோளாறு இருக்கலாம். கடைசிச் சொட்டுகளில் மட்டும் என்றால் சிறுநீர்ப்பையின் கழுத்து, புராஸ்டேட். முழுக்கச் சிவப்பு என்றால் சிறுநீர்ப்பை அல்லது அதற்கு மேலே. புழுப்போல நீண்ட ரத்தக்கட்டிகள் வந்தால் சிறுநீரகத்துப் பக்கம். உருவமில்லாத ரத்தக்கட்டிகள் பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலிருந்து. கறுப்புக் காபி நிறத்தில் நுரையோடு போய், முகமும் காலும் வீங்கினால் சிறுநீரக வடிகட்டியில் அழற்சி இருக்கலாம். அது வேறு வழி, வேறு வைத்தியம். பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரையாலும் நிறம் மாறும். அதையும் சொல்லுங்கள்.

சாயப்பட்டறை வேலையை மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் கேட்டால் பலர் “இப்போது வேலை இல்லை” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பென்சிடின் என்ற ரசாயனம் சேர்ந்த பழைய சாயங்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும். வேலையை விட்டு 20 வருடம் கழித்தும் வரலாம். எந்த வருடம் முதல் எதுவரை, பொடியை வெறும் கையால் கலக்கினாரா, பீடி தினமும் எத்தனை, எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பீடி, சிகரெட்டின் பங்கு இதில் மிகப் பெரியது.

முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். நுண்ணோக்கியில் ஒரு பார்வைக்கு மூன்று சிவப்பணுவோ அதற்கு மேலோ இருந்தாலே அது கணக்கு. ஆனால் கண்ணால் ரத்தம் பார்த்த பிறகு, இன்று சோதனை சுத்தமாக வந்தாலும் விடக் கூடாது. அல்ட்ராசவுண்டில் “நார்மல்” என்றாலும் போதாது. சிறிய, தட்டையான கட்டி அதில் தப்பிவிடும். கேமரா வைத்து உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோபிதான் முடிவு சொல்லும். மரத்துப்போகும் ஜெல் போட்டுச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசியில் மருந்துச் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள்.

மறுபடி ரத்தம் வந்தால் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பினாலோ, குளிர்காய்ச்சலோடு விலா வலித்தாலோ, தலை சுற்றினாலோ இரவானாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.