கேள்வி-பதில்: சில்லுக்குள் அடங்காத சுருக்கி

கேள்வி: ஜூரோங்கில் உள்ள ஒரு குளிர்பதனக் கிடங்கில் பணிபுரிந்துகொண்டே பலதுறைத் தொழிற்கல்லூரியில் பகுதிநேரமாகப் படிக்கிறேன். கிடங்கின் வெப்பநிலை அளவுகளைச் சுருக்கி அனுப்புவதற்காக, எல்இசட்77 சுருக்க முறையை, கடைசியாக வந்த 4,096 பைட்டுகளை வைத்திருக்கும் சாளரத்துடன், வெரிலாக் என்னும் சுற்று விவரிப்பு மொழியில் எழுதி, ஐஸ்40 எச்எக்ஸ்1கே எஃப்பிஜிஏ (நாமே சுற்றை வகுத்துக்கொள்ளும் சில்லு) பலகையில் ஏற்ற முயன்றேன். சில்லில், ஒவ்வொன்றிலும் ஒரு பிட்டைத் தாங்கும் ஒரு ஃபிளிப்ஃபிளாப் கொண்ட 1,280 தர்க்க அறைகளே உள்ளன. நிரலைச் சுற்றாக மாற்றும் மென்பொருளோ 32,000க்கும் மேற்பட்ட ஃபிளிப்ஃபிளாப்களைக் கேட்கிறது. சிம் லிம் டவருக்குப் போய்ப் பெரிய பலகையாக வாங்கிவிடலாமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வாங்க வேண்டாம். 4,096ஐ எட்டால் பெருக்கிப் பாருங்கள், 32,768 வரும். மென்பொருள் கேட்பவற்றில் ஏறக்குறைய அத்தனையும் உங்கள் சாளரத்தின் பிட்டுகளே. சில்லில் 4,096 பிட் கொள்ளும் ரேம் (நினைவக) தொகுதிகள் 16 இருக்க, அவற்றை விட்டுவிட்டுச் சாளரத்தைத் தர்க்க அறைகளில் வைக்க மென்பொருள் முயன்றிருக்கிறது. அந்த ரேம் கடிகாரத் துடிப்பின்போது மட்டுமே படிக்கப்படக்கூடியது. ஆகவே, துடிப்புக்குக் காத்திராமல் நேரடியாகப் படிக்கும் ஒரு வரியோ, ரீசெட்டின்போது எல்லா இடங்களையும் பூச்சியமாக்கும் ஒரு சுழலோ நிரலில் இருந்தால், மென்பொருளுக்கு வேறு வழியில்லை. நான் பார்த்த மாணவர் நிரல்களில் பெரும்பாலும் அந்த ரீசெட் சுழல்தான் குற்றவாளி.

அதை நீக்கினால் சாளரம் எட்டுத் தொகுதிகளில் அமர்ந்துவிடும். பொருத்தம், அதாவது முன்பு வந்த அதே பைட்டுத் தொடர், தேடுவதற்கு, சாளரத்தின் எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் சுற்று உங்களுக்குக் கட்டுப்படியாகாது. மூன்று பைட்டுகளிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற ஒரு சிறு எண்ணை (ஹாஷ்) கொண்டு, அவை கடைசியாக வந்த இடத்தைக் காட்டும் 1,024 வரிசை அட்டவணை போதும். 12 பிட் வீதம் அது மூன்று தொகுதிகளில் முடிந்துவிடும். அட்டவணையில் பழைய குறிப்பு கிடந்தாலும் பாதகமில்லை, ஏனெனில் அது காட்டும் இடத்திலுள்ள பைட்டுகளைச் சாளரத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பொருத்தத்தை ஏற்கிறோம். இதுவரை எத்தனை பைட்டுகள் வந்தன என்று ஓர் எண்ணியில் வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் சுட்டும் குறிப்பை மட்டும் தள்ளிவிடுங்கள்.

ஆனால் உங்கள் தரவுக்கு எல்இசட்77 தேவைதானா என்பதே என் ஐயம். 1977இல் ஸிவ், லெம்பெல் இருவரும் வெளியிட்ட அம்முறை, முன்பு வந்த பைட்டுத் தொடர் அப்படியே மீண்டும் வருவதை நம்பியிருக்கிறது. வெப்பநிலையின் கடைசி இலக்கமோ ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். 1970களில் ராபர்ட் ரைஸ் விண்கலத் தரவுக்காக வகுத்த குறிமுறை இங்கே பொருந்தும். பாகையின் நூறில் ஒரு பங்காக −1,812, −1,810, −1,811 என்று அளவுகள் வருவதாகக் கொள்வோம். வேறுபாடுகள் +2, −1. ஏறுமுக வேறுபாட்டை இரட்டித்தும், இறங்குமுகத்தின் அளவை இரட்டித்து ஒன்று குறைத்தும் எழுதினால் 4, 1 ஆகும். இரண்டால் வகுத்து, ஈவின் எண்ணிக்கைக்கு 1களும் முடிவில் ஒரு 0வும் இட்டு, மீதியை ஒரு பிட்டாகச் சேர்த்தால், முதலாவது 1100, இரண்டாவது 01. பதினாறு பிட் அளவுகள் நான்கு பிட்டாகவும் இரண்டு பிட்டாகவும் சுருங்கிவிட்டன. இதற்கு ஒரு கழிப்பான், ஓர் எண்ணி, பிட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வெளியிடும் ஒரு நகர்த்துப் பதிவகம் போதும், சாளரமே வேண்டாம். அளவுகளைத் தொகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுப்பின் முதல் அளவை மட்டும் சுருக்காமல் அனுப்புங்கள். வழியில் ஒரு தொகுப்பு தொலைந்தாலும் அடுத்தது தானே நிமிர்ந்துகொள்ளும்.

கேள்வி: எந்தத் தரவைக் கொடுத்தாலும் சுருக்கிவிடும் சுற்றை அமைக்க முடியுமா?
— வாசகர், ஈசூன்

பதில்: முடியாது. எட்டு பிட்டில் 256 வகைகள் உண்டு. எட்டுக்கும் குறைந்த பிட்டுகளில், வெற்றுத் தொடரையும் சேர்த்தாலும், 255 வகைகளே உண்டு. ஒன்றுக்காவது இடம் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு தொகுப்பின் முன்னும், சுருக்கியதா சுருக்காததா என்று சொல்லும் ஒரு பிட்டை வையுங்கள்; மிக மோசமான தரவிலும் அந்த ஒரு பிட்தான் கூடும். முடிவு தெரியும்வரை மூலத் தரவைத் தாங்கிவைக்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன சில்லின் ஒரே ஒரு ரேம் தொகுதி, பதினாறு பிட் அளவுகள் 256ஐத் தாங்கும்.